கெடு இல்லாத எழுத்துக்கு ஒரு வாரக் கணக்கு

தில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல, மத்திய அரசு உத்தியோகத்தை நம்பி வந்தவை. கரோல் பாகிலும் லோதி காலனியிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வளர்ந்த என் தலைமுறைக்கு வேலை என்றால் அதற்கு ஓர் உருவம் உண்டு. காலையில் டிபன் டப்பாவுடன் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும், ஆபீசில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், மாதக் கடைசியில் சம்பளம் வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஒன்றை வேலை என்று ஒப்புக்கொள்ள நம்மவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் செய்துவரும் தொழிலில் இந்த மூன்றும் கிடையாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு, பத்திரிகைக் கட்டுரை, பயிற்சிக் கையேடு, விளம்பர வாசகம் என்று வருகிற எழுத்து வேலைகளை வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறேன். ஃப்ரீலான்ஸ் என்று சொல்கிறார்கள். ஒரு முதலாளி இல்லை. அந்தந்த வேலைக்கு அந்தந்த ஆள். சங்கத்துப் பொங்கல் விழாவில் சந்திக்கிற பெரியவர்கள் இன்றைக்கும் அன்போடு, "வேலைக்கு ஏதும் போகலையாம்மா?" என்று கேட்பதுண்டு.

இப்போது நம் குடும்பங்களிலேயே இப்படி எழுதிச் சம்பாதிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். குழந்தை பிறந்தபின் ஆபீசை விட்ட பெண்கள், ஓய்வுபெற்றபின் மொழிபெயர்ப்பில் இறங்கியவர்கள், படிப்பு முடிந்த கையோடு கணினியில் எழுத உட்கார்ந்த பிள்ளைகள் என்று பலர். அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும், இந்தத் தொழிலில் மிகவும் அடிப்படையான ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மேலதிகாரி இல்லாத ஒருவர் தன் வாரத்தை எப்படித் திட்டமிடுவது, அதற்கு யாரிடம் கணக்குச் சொல்வது என்பதே அது.

அழாத பிள்ளைகள்

அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். எழுத்துத் தொழிலில் அழுகிற பிள்ளை, கெடு வைத்த வேலை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், போன் வரும், மெயில் வரும், நாமும் ராத்திரி கண் விழித்தாவது முடித்துவிடுவோம். அதற்கு இலக்கும் வேண்டாம், திட்டமும் வேண்டாம்.

அழாத பிள்ளைகள் மூன்று உண்டு. முதலாவது, நம்முடைய சொந்த எழுத்து. நாவலோ, கட்டுரைத் தொகுப்போ, தாத்தாவின் வாழ்க்கை வரலாறோ, யாரும் கேட்காத, யாரும் பணம் தராத எழுத்து. இரண்டாவது, புதிய வேலை தேடுவது. கையில் வேலை இருக்கும்போது தேடத் தோன்றாது. தேடத் தோன்றும்போது கையில் பணம் இருக்காது. மூன்றாவது, செய்து கொடுத்த வேலைக்குப் பணம் கேட்பது. நம் ஊர் வளர்ப்பில் பணம் கேட்பது என்றால் ஒரு கூச்சம். அதனாலேயே அது தள்ளிப்போகும்.

இந்த மூன்றும் இந்த வாரம் செய்யாவிட்டால் இந்த வாரம் ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் செய்யாவிட்டால் வீட்டு வாடகைக்கும் பள்ளிக்கூட பீஸுக்கும் கை பிசைய வேண்டி வரும். பத்து வருஷம் செய்யாவிட்டால், ஊராருக்காக லட்சக்கணக்கான சொற்கள் எழுதியும் தன் பெயரில் ஒரு புத்தகம் இல்லாத எழுத்தாளராக நிற்க வேண்டி வரும். வார இலக்கு என்பது கெடு வைத்த வேலைக்காக அல்ல, கெடு இல்லாத இந்த வேலைகளுக்காக என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

ஏன் வாரம்?

நாள் கணக்கு வைக்கலாமே என்று கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஒரு நாள் என்பது மிகச் சின்னப் பாத்திரம். பிள்ளைக்குக் காய்ச்சல், திடீர் விருந்தாளி, கரண்ட் கட், கேஸ் சிலிண்டர் வருகிற நாள் என்று ஏதாவது ஒன்று அதைக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்த அன்றே இலக்கு போச்சு என்று மனசு சோர்ந்துவிடும். மாதமோ மிகப் பெரிய பாத்திரம். இருபதாம் தேதி வரை "இன்னும் நாள் இருக்கே" என்று தோன்றும். வாரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. செவ்வாய் கெட்டால் வியாழனில் சரிக்கட்டலாம். ஆனால் சனிக்கிழமை எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கும்.

தமிழ் எழுத்துக்கு இது புதிதும் அல்ல. நம்முடைய பெரிய உரைநடைப் படைப்புகளில் பல, வாரப் பத்திரிகையின் கெடுவுக்குள் பிறந்தவை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தொடராக வந்தது. பத்திரிகையை நடத்திக்கொண்டே அவர் அதை எழுதினார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றை 'ஆனந்த விகடன்' இதழில் எழுதத் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது 84. ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தவர், இனி எழுத வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லாதவர். ஆனாலும் வாரம் ஒன்றாக 122 அத்தியாயங்கள் வந்தன. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது வரலாறு முற்றுப்பெறவில்லை. ஆனால் அந்த வாரக் கெடு இல்லாமல் இருந்திருந்தால், இவ்வளவாவது நமக்குக் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம். காந்தியடிகளின் சுயசரிதையும் 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வார இதழில் குஜராத்தியில் தவணை தவணையாக வந்ததுதான்.

வாரா வாரம் அளந்து எழுதினால் எழுத்து நன்றாக இருக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு இந்த மூன்று நூல்களைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

பத்திரிகை இல்லாமலே வாரக் கெடுவைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் பிரிட்டிஷ் தபால் துறையில் 1867 வரை அதிகாரியாக இருந்தார். வேலைக்குப் போவதற்கு முன் காலை 5.30க்கு எழுத உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு நாவல் தொடங்கும்போதும் வாரம் வாரமாகப் பிரித்த ஒரு நாட்குறிப்பு தயார் செய்து, எத்தனை பக்கம் எழுதினோம் என்று நாள்தோறும் பதிந்துவைத்தார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். பக்கத்துக்கு 250 சொல். இப்படியே 47 நாவல்கள் எழுதிவிட்டார். அவர் மறைவுக்குப்பின் 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

நம் கையில் இருப்பதே இலக்கு

இனி, எது இலக்கு? "இந்த வாரம் நிறைய எழுதணும்" என்பது ஆசை. "இந்த வாரம் என் கட்டுரை ஒரு பத்திரிகையில் வரணும்" என்பது வேண்டுதல். அது பத்திரிகை ஆசிரியர் கையில் இருக்கிறது. "புதன்கிழமைக்குள் 1,200 சொல்லில் கட்டுரையை முடித்து ஆசிரியருக்கு அனுப்பிவிடுவேன்" என்பதுதான் இலக்கு. எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். முடிந்ததா இல்லையா என்று சனிக்கிழமையன்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிய வேண்டும். முழுக்க நம் கையில் இருக்க வேண்டும். புது வேலை கிடைப்பது நம் கையில் இல்லை. மூன்று பேருக்கு எழுதிக் கேட்பது நம் கையில் இருக்கிறது.

அளவு போடும்போது மனித சுபாவம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எந்த வேலையையும் ஆகிற நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். கனடாவில் ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 56 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனைக்கும் ஆய்வேடு எழுதுவது அவர்களுக்குத் தலைபோகிற காரியம்.

ஆகவே ஒரு கட்டுரைக்கு நான்கு மணி நேரம் ஆகும் என்று மனசு சொன்னால் நான் ஆறு மணி நேரம் என்று எழுதுவேன். அதைவிட நம்பகமான வழி, போன முறை இதே மாதிரி வேலைக்கு எத்தனை மணி ஆனது என்று குறிப்பைப் பார்ப்பது. அந்தக் குறிப்பு இருக்க வேண்டுமானால் வாரக் கணக்கு எழுதிவைத்திருக்க வேண்டும். இதில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. முன்பு மொழிபெயர்ப்பைச் சொல் கணக்கில் அளந்தால் போதும். இப்போது இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரும் வேலை நிறைய வருகிறது. சில பக்கங்கள் ஓடிவிடும். சில பக்கங்களைப் புதிதாக எழுதுவதே சுலபம் என்று இருக்கும். அதனால் அத்தகைய வேலைகளை மணிக் கணக்கில் அளப்பதே நல்லது.

என் வாரத்தை மாதிரிக்குச் சொல்கிறேன். வீட்டு வேலை போக எனக்குக் கிடைப்பது நாளுக்கு ஐந்து மணி நேரம். ஆறு நாளைக்கு 30 மணி. அதில் 24 மணி நேரத்துக்குத்தான் திட்டம் போடுவேன். பாக்கி 6 மணி விருந்தாளிக்கும், கரண்ட் கட்டுக்கும், திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் வேலைக்கும். இந்த 24இல் 18 மணி கூலி எழுத்துக்கு. மணிக்குச் சுமார் 250 சொல் என்று வைத்தால் 4,500 சொல் மொழிபெயர்ப்பு. புது வேலை தேட ஒரு மணி. பணக் கணக்குக்கு ஒரு மணி. மீதி 4 மணி என் சொந்தப் புத்தகத்துக்கு. அதில் 800 சொல் எழுதலாம்.

எண்ணூறு சொல் என்ன பெரிய அளவா என்று தோன்றும். தீபாவளி, பொங்கல், ஊர்ப் பயணம், கல்யாணம் காட்சி என்று ஏழு வாரத்தைக் கழித்துவிட்டு வருஷத்துக்கு 45 வாரம் என்று வையுங்கள். 36,000 சொல். பக்கத்துக்கு 200 சொல் என்றால் 180 பக்கப் புத்தகம். வாரத்துக்கு நான்கே மணி நேரத்தில் ஒரு புத்தகத்தின் முதல் வரைவு!

செயலகம் கற்றுத் தந்த பட்டியல்

இலக்கை எழுதிவைக்கும் முறைக்கு நான் வெளியே எங்கும் போகவில்லை. மத்திய செயலகத்தின் பிரிவு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே வார நிலுவை அறிக்கை என்று ஒன்று உண்டு. போன வாரத்து மீதி எத்தனை, இந்த வாரம் வந்த கடிதங்கள் எத்தனை, முடித்தவை எத்தனை, நிற்பவை எத்தனை என்று பிரிவு அதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நம் அப்பாக்களும் மாமாக்களும் இதை அலுத்துக்கொண்டே எழுதியிருப்பார்கள். ஆனால் மறதிக்கும் சோம்பலுக்கும் இதைவிட எளிய மருந்து இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வாரம். நான்கு கட்டம்: சென்ற வார மீதி, இந்த வாரம் சேர்ந்தது, முடிந்தது, நிற்பது. நான் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: ஏன் நிற்கிறது. அதில் ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாது. 'மூலத்தில் சந்தேகம், பதில் வரவில்லை' என்றால் அது அடுத்தவர் கையில் இருக்கிறது, நினைவூட்ட வேண்டும். 'எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை' என்றால் அது வேறு நோய்; அதற்கு வேறு மருந்து.

நான்கு வாரம் தொடர்ந்து நிற்கிற ஒன்றை ஐந்தாவது வாரமும் அப்படியே எழுதக் கூடாது என்பது ஒரு விதி. மூன்றில் ஒன்று செய்ய வேண்டும். ஒன்று, உடைத்துச் சின்னதாக்க வேண்டும். 'இரண்டாம் அத்தியாயம்' என்று எழுதியதை 'இரண்டாம் அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கம்' என்று மாற்ற வேண்டும். அல்லது, மூன்று மாதம் கழித்து இன்ன தேதியில் எடுப்பேன் என்று தேதி போட்டு ஒதுக்கிவைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அடித்துவிட வேண்டும். செய்யப்போவதில்லை என்று முடிவு செய்வதும் ஒரு வேலையை முடிப்பதுதான். பட்டியலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு வரி, பக்கத்தில் இருக்கும் மற்ற வரிகளின் மேலுள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

கணக்குக் கேட்பவர்

நோட்டுப் புத்தகம் மட்டும் போதுமா? போதாது. நோட்டுப் புத்தகம் வாய் திறந்து கேட்காது.

ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பல்கலைக்கழக ஆசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தை நீண்ட காலம் ஆராய்ந்தவர். 1989இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் ஆசிரியர்கள் மூன்று குழுக்களாக இருந்தார்கள். முதல் குழுவினர் வழக்கம்போல, நேரம் கிடைக்கும்போது எழுதினார்கள். இரண்டாம் குழுவினர் தினமும் கொஞ்சம் எழுதி, எழுதியதைக் குறித்துவைத்தார்கள். மூன்றாம் குழுவினர் அதையே செய்து, வாரந்தோறும் ஒருவரிடம் கணக்கும் கொடுத்தார்கள். ஒரு வருஷ முடிவில் சராசரியாக முதல் குழுவினர் எழுதியது 17 பக்கம். இரண்டாம் குழுவினர் 64 பக்கம். மூன்றாம் குழுவினர் 157 பக்கம். சிறிய குழுக்களைக் கொண்டு செய்த ஆய்வு இது. அதே எண் எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் குழுவுக்கும் மூன்றாம் குழுவுக்கும் உள்ள ஒரே வித்தியாசத்தைக் கவனியுங்கள். கேட்க ஓர் ஆள் இருந்தார்!

மேலே சொன்ன டிராலப்புக்கும் அப்படி ஓர் ஆள் இருந்தார். அவர் வீட்டுக் குதிரைக்காரர். விடியற்காலையில் எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்காக, வருஷத்துக்கு 5 பவுண்டு அதிகச் சம்பளம் அந்த முதியவருக்கு. தன் வெற்றிக்கு வேறு யாரைவிடவும் அவருக்கே கடமைப்பட்டிருப்பதாக டிராலப் நினைத்தார். கணக்குக் கேட்பவர் இலக்கியம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தவறாமல் வருகிறவராக இருந்தால் போதும்.

என் விஷயத்தில் அந்த ஆள், கொல்கத்தாவில் இருக்கும் ஒரு தோழி. மருத்துவ மொழிபெயர்ப்பு செய்கிறார். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போன். பதினைந்து நிமிஷம். இருவரும் மாறி மாறி மூன்றே கேள்வி கேட்போம்: என்ன சொன்னோம்? என்ன செஞ்சோம்? அடுத்த வாரம் என்ன? பேச்சு இப்படித்தான் போகும்:

"உங்க கட்டுரை என்னாச்சு அக்கா?"

"எண்ணூறு சொல்லுன்னு சொன்னேன். முந்நூறுதான் ஆச்சு. பேத்திக்குக் காய்ச்சல்."

"சரி. அடுத்த வாரம்?"

"ஐநூறுன்னு போட்டுக்கோ. அவ இன்னும் ஸ்கூலுக்குப் போகலை."

அவ்வளவுதான். திட்டுவது கிடையாது, ஆறுதல் சொல்வதும் கிடையாது. எண்ணை முதலில் சொல்ல வேண்டும், கதையைப் பின்னால். கேட்காமல் ஆலோசனை சொல்லக் கூடாது. ஊர்க் கதை பேசுவதானால் பதினைந்து நிமிஷம் முடிந்தபின். இந்த விதிகள் கொஞ்சம் வறட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் திட்டு விழும் என்ற பயம் வந்தால் மனிதர் பொய் சொல்லத் தொடங்குவார். ஆறுதல் நிச்சயம் என்று தெரிந்தால் வேலை செய்யாமலே ஆறுதலை வாங்கிக்கொள்வார். இரண்டும் இல்லாத இடத்தில்தான் கணக்கு கணக்காக இருக்கும்.

யாரைக் கணக்குக் கேட்பவராக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் முக்கியம். வேலை கொடுப்பவரை வைக்கக் கூடாது. அவரிடம் நம் சிரமங்களைச் சொல்ல முடியாது. கணவனையோ மனைவியையோ வைப்பதும் உசிதமில்லை. "அப்ப மத்தியானம் தூங்கினியா?" என்று அது வேறு பக்கம் திரும்பிவிடும். வீட்டுச் சண்டைகளுக்கு ஏற்கெனவே போதுமான காரணங்கள் இருக்கின்றன. நமக்குக் கொடுக்கவும் நம்மிடம் வாங்கவும் கணக்கு உள்ள, அதே போன்ற தொழிலில் இருக்கிற ஒருவரே உத்தமம். நாம் சொல்வது மட்டுமில்லாமல் அவர் சொல்வதையும் நாம் கேட்க வேண்டும் என்பதால், அலுப்பாக இருக்கிற சனிக்கிழமையும் போனை எடுப்போம்.

பணம் கேட்கும் ஒரு மணி நேரம்

வாரத்தில் பணக் கணக்குக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது வெள்ளிக்கிழமை காலை. அந்த வாரம் முடித்த வேலைக்கு அன்றே பில் அனுப்பிவிட வேண்டும். பழைய பில்களில் எவை நிற்கின்றன, எத்தனை நாளாக நிற்கின்றன என்று பார்த்து, உரியவர்களுக்கு மரியாதையாக இரண்டு வரி எழுத வேண்டும். கூச்சப்படுபவர்கள் இதைக் கடன் கேட்பதாக நினைக்கிறார்கள். வாராந்தர வேலையாக ஆக்கிவிட்டால், அது தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது போல ஆகிவிடும்.

சட்டத்தின் துணையும் நமக்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தாமதிக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. சேவைத் தொழில் செய்யும் தனிநபரும் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 'உத்யம்' பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். வேலையை ஏற்பதற்கு முன்பே பதிவு செய்திருப்பது நல்லது. சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. பில்லின் கீழே பதிவு எண்ணைப் போட்டுவிட்டு, 30ஆம் நாளும் 40ஆம் நாளும் நினைவூட்டினாலே பெரும்பாலும் போதும். ஆனால் 30ஆம் நாள் எது என்று தெரிய வேண்டுமானால் வாரா வாரம் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் வருமானத்தில் வரி முழுவதும் முன்கூட்டியே பிடிக்கப்படுவதில்லை. பிடித்தம் போக வருஷ வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருமானால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் முன்வரி கட்ட வேண்டும். (தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு இதில் விலக்கு உண்டு; எழுத்தைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது.) வரும் பணத்தில் ஒரு பங்கை அந்த வெள்ளிக்கிழமையே தனிக் கணக்கில் போட்டுவிட்டால் மார்ச் மாதத்தில் மூச்சு முட்டாது.

வீட்டார் செய்யக்கூடியது

இந்த மலரைப் படிப்பவர்களில் எழுதுபவர்களைவிட, எழுதுபவர்களோடு வாழ்பவர்கள் அதிகம் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்லதானே இருக்கே, அந்த பேங்க் வேலையை முடிச்சிடேன்" என்று சொல்வது மிக இயல்பாக வாயில் வந்துவிடும். பேங்குக்குப் போய் வர ஒரு மணி நேரம். போய் வந்தபின் விட்ட இடத்தைப் பிடிக்க இன்னொரு அரை மணி. வாரத்துக்கு இப்படி மூன்று முறை நடந்தால் சொந்தப் புத்தகத்துக்கான நாலு மணியும் போய்விடும். போவது எப்போதும் அந்த நாலு மணிதான். கெடு வைத்த வேலையிலிருந்து போகாது.

பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். வாரத்தில் எந்த எந்த நேரம் அவரைக் கூப்பிடக் கூடாது என்று கேட்டு, காலண்டரில் குறித்துவைத்தால் போதும். அந்த நேரத்தில் வருகிற கூரியரை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும். வேலைக்கு ஓர் உருவம் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்த உருவத்தை வீட்டார் நினைத்தால் இப்படித் தர முடியும்.

ஒரு வேண்டுகோள்

எழுத்தையே தொழிலாகக் கொண்டு இந்தத் தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்தவர் க.நா. சுப்ரமண்யம். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு எழுதினார், மொழிபெயர்த்தார், அதற்கிடையில் தமிழில் தான் எழுத நினைத்ததையும் விடாமல் எழுதினார். 1986இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மாதச் சம்பளம் இல்லாமல், ஊரைவிட்டு வந்து, எழுதி வாழ முடியும் என்பதற்கு நமக்கு வெளியில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

நம் சங்கத்தில் எழுதிச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத நினைத்துக்கொண்டே இருப்பவர்கள் அவர்களைவிட அதிகம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய கதையை, முதல் குளிர்காலத்தில் ரஜாய் வாங்கிய கதையை, மொழி தெரியாத ஊரில் குடித்தனம் வைத்த கதையைச் சொல்லக் கேட்டால் நேரம் போவதே தெரியாது. ஒவ்வொரு விழாவிலும் "இதையெல்லாம் எழுதுங்க மாமா, எழுதுங்க மாமி" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அடுத்த விழாவுக்கு அவர்களில் ஒருவர் இருப்பதில்லை. கதையும் அவரோடு போய்விடுகிறது. கெடு இல்லாத எழுத்துகளில் இதைப் போல அவசரமானது வேறில்லை.

எழுதச் சொன்னால் மட்டும் போதாது, வாரா வாரம் கேட்க வேண்டும். உறுப்பினர்களில் எழுத விரும்புவோர் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளலாம். ஒரு பெரியவரும் ஒரு கல்லூரி மாணவியும் ஜோடியாக இருந்தால் இன்னும் விசேஷம். அவர் தன் நினைவுகளில் ஒரு பக்கம், இவள் தமிழில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிஷம் போனில் கணக்குச் சொன்னால் போதும். வாரம் ஒரு பக்கம் என்றாலும் அடுத்த ஆண்டு மலர் வருவதற்குள் நாற்பத்தைந்து பக்கம் சேர்ந்திருக்கும். இந்த மலரை மூடிவைப்பதற்கு முன், உங்கள் ஜோடி யார் என்று யோசித்து, அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மூன்று கேள்விகளையும் மேலே எழுதியிருக்கிறேன்.